செவியும் கெவ்வும்: ஊட்டி மலையில் ஒரு மொழித் தேடல்

பாகிஸ்தானின் வடக்குக் கோடியில், மலைகளுக்குள்ளே ஹன்சா, நகர், யாசின் என்று சில பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் புருஷாஸ்கி பேசுகிறார்கள். இந்த மொழிக்கு உலகத்தில் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. சமஸ்கிருதக் குடும்பம் இல்லை, திபெத்தியம் இல்லை, திராவிடமும் இல்லை. மொழியியல்காரர்கள் இதைத் "தனிமொழி" என்று ஓரமாக வைத்திருக்கிறார்கள். இருபது இருபதாக எண்ணுவார்கள். நாற்பது என்றால் "இரண்டு இருபது". பெயர்ச்சொற்களுக்கு நாலு வகுப்பு.

ஹன்சா என்றதும் நம்மாளுகளுக்கு வாட்ஸ்அப் தான் ஞாபகம் வரும். நூற்றிருபது வயசு வாழ்கிறார்கள், அலெக்சாண்டர் படையின் வாரிசுகள், இப்படி. ரெண்டுக்கும் ஆதாரம் கிடையாது. மலைமேலே கொஞ்சம் பேர் புரியாத மொழி பேசினால் கீழே இருக்கிறவன் கதை கட்டுவான். இது அங்கே மட்டும் நடக்கிற கூத்து இல்லைங்க. நம்ம கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால், அங்கேயும் இதே கதைதான் நடந்தது.

புருஷாஸ்கியைப் பற்றிய முதல் பெரிய ஆய்வு, லோரிமர் என்ற முன்னாள் பிரிட்டிஷ் அதிகாரி எழுதியது. மூன்று தொகுதிகளாக 1935 முதல் 1938 வரை ஆஸ்லோவில் அச்சானது. அதே 1935 முதல் 1938 வரை மர்ரே எமனோ என்ற கனடாக்காரர் இந்தியாவில் இருந்தார், அதில் பெரும்பகுதி நீலகிரியில். யேல் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் படித்தவர். எட்வர்ட் சபீர் தூண்டிவிட்டதால் தோடர் மொழியைத் தேடி வந்தார்.

எமனோ வருவதற்கு முன்னால் தோடர்களைப் பற்றிச் சொல்லப்பட்டதை அடுக்கினால் நல்ல நகைச்சுவைத் தொகுப்பு கிடைக்கும். 1603இல் பெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் மலபார் பக்கமிருந்து மலையேறினார். அங்கே தொலைந்துபோன கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் கேள்வி. போய்ப் பார்த்தால் எருமை மேய்க்கிற தோடர்கள். பிறகு வந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் ரோமானியர் என்றார், இன்னொருவர் இஸ்ரேலின் காணாமல்போன குலம் என்றார். இருபதாம் நூற்றாண்டில் கிரேக்க இளவரசர் பீட்டர் சுமேரியாவரைக்கும் போய்விட்டார். இத்தனைக்கும் தோடர்கள் வரலாற்றில் ஒளிந்திருந்தவர்கள் இல்லை. ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடவரை நடுங்கவைத்ததாக 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது.

1819இல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியது எல்லோருக்கும் தெரியும். 1868இல் தனியாகப் பிரியும்வரை நீலகிரி பெரும்பாலும் கோயமுத்தூர் ஜில்லாவோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கீழே இருந்த நாம் மேலே பேசப்பட்ட மொழிகளைக் காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள். அதில் ஒருவர் நமக்கு வேண்டப்பட்டவர், ஜி.யு. போப். திருக்குறளை மொழிபெயர்ப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே, ஊட்டியில் பள்ளி நடத்திய அனுபவத்தோடு, தோடர் மொழிக்கு ஒரு சின்ன இலக்கணம் எழுதினார். அது 1873இல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரியின் புத்தகத்துக்குப் பின்னிணைப்பாக வந்தது. மார்ஷல் வந்தது மண்டையோட்டை அளந்து குணம் கண்டுபிடிக்க! அந்தப் புத்தகத்தில் இன்றைக்கும் மதிப்புள்ளது போப்பின் பக்கங்கள்தான் என்பது என் கணக்கு. போப் அதைப் பழைய கன்னடத்தோடு சேர்த்தார். அதற்கு முன்பே 1856இல் கால்டுவெல் தோடரையும் கோத்தரையும் திராவிடக் குடும்பத்தில் வைத்திருந்தார். ஆக, புருஷாஸ்கி மாதிரி இது அநாதை மொழி இல்லை என்று அப்போதே தெரியும். எந்த இடத்துச் சொந்தம் என்பதுதான் கேள்வி.

காதில் விழுந்தால் சொந்தம் மாதிரியே இருக்காது என்பது உண்மைதான். நம்ம "மகன்" அங்கே "மொஃக்" மாதிரி ஒலிக்கும். "பால்" "போஸ்" ஆகிவிடும். "எருமை" "இர்" என்று சுருங்கிவிடும். நான் தமிழில் எழுதியிருப்பது கிட்டத்தட்டத்தான். நம்ம எழுத்து அந்த ஒலிகளைத் தாங்காது. உரசி வரும் ஒலிகள் அதில் அத்தனை இருக்கின்றன. நாக்கு உருளும் "ர" மட்டும் மூன்று: பல்லில் ஒன்று, ஈறில் ஒன்று, நாக்கை மடித்து ஒன்று. 1996இல் பீட்டர் லடிபோகட், பாஸ்கரராவ் உள்ளிட்ட மூவர் இந்த மூன்றையும் அளந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். நமக்கோ ர, ற இரண்டையே பேச்சில் பிரிக்க வரமாட்டேன் என்கிறது.

"மந்து" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உதகமண்டலத்தை வெள்ளைக்காரன் ஊட்டகமண்ட் என்று எழுதினானே, அதன் வால். தோடர் வாயில் அது "மொத்" போல ஒலிக்கும். குடியிருப்பும் பால்மனையும் எருமைப் பட்டியும் சேர்ந்த இடம். நம்ம மன்று, மன்றம், ஆட்டுமந்தை எல்லாம் இதே வேர்தான் என்று எமனோவும் தாமஸ் பரோவும் சேர்ந்து செய்த திராவிட வேர்ச்சொல் அகராதி (முதல் பதிப்பு 1961) காட்டுகிறது. பொள்ளாச்சிச் சந்தைக்கு மந்தை ஓட்டிப் போனவருக்கும் முத்தநாடு மந்தில் எருமை கறந்தவருக்கும் இடையில் இந்த ஒரு சொல் கிடக்கிறது.

இனிமேல்தான் விஷயம். "அது சிதைஞ்ச தமிழுங்க" என்று நம்மூரில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். எமனோ காட்டியது இதற்கு நேர்மாறு. தமிழில் "செவி". கன்னடத்தில் "கிவி". கோத்தர் மொழியில் "கெவ்". தோடரிலும் ககரம்தான். மூலத் திராவிடத்தில் இது ககரத்தில் தொடங்கியது. இ, எ போன்ற உயிருக்கு முன்னால் தமிழும் மலையாளமும் அதைச் சகரமாக்கின. நமக்குக் கிடைத்த மிகப் பழைய இலக்கியத்திலேயே "செவி" ஆகிவிட்டது. அப்படியானால் தோடரும் கோத்தரும் பிரிந்தது அந்த மாற்றத்துக்கு முன்னால். இந்த ஓர் எழுத்து விஷயத்தில் மாறினது நாம், மாறாதது அவர்கள். எல்லாவற்றிலும் அவர்கள் பழமை என்று தாவிவிடக் கூடாது. பாலைப் போஸ் ஆக்கியது அவர்களுடைய புதுமை. ஆனால் "சிதைந்த தமிழ்" என்ற பேச்சு இத்தோடு நிற்கவேண்டும்.

எமனோ கோத்தர் மொழியைக் கற்றதற்குக் காரணம் கொல்லிமல்லைச் சேர்ந்த சுள்ளி. பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் தெரிந்த கோத்தர். 1944இலிருந்து வெளிவந்த கோத்தர் நூல்களில் இருக்கும் கதைகள் இவர் சொன்னவை. எமனோவுக்கு நூறு வயது விழா எடுத்து, 2005இல் இறந்தபோது உலகமே எழுதியது. சுள்ளியின் பெயர் நம்ம பாடப்புத்தகம் எதிலும் வந்து நான் பார்த்ததில்லை.

தோடரின் பாட்டுகளை எமனோ 1971இல் தலையணைக் கனத்தில் வெளியிட்டார். அங்கே பாட்டுக் கட்டத் தெரியாத ஆளே இல்லை என்கிற அளவுக்குப் பாடியிருக்கிறார்கள். மூன்றசைத் துண்டுகள், ஒன்றுக்கு ஒன்று ஜோடி. எருமையின் பெயர் வந்தால் இன்ன சொல், இன்ன மலைக்கு இன்ன ஜோடி மலை என்று வழக்கு. பாட்டுமொழி பேச்சுமொழியிலிருந்து அவ்வளவு விலகி நிற்கும்.

இந்தச் சொற்கள் நிற்பது எருமை மேல், புல்வெளி மேல். புல்வெளியில் சீகையும் யூகலிப்டசும் பைனும் நட்டு அரசாங்கமே மூடியது. எருமை குறைந்தது, பால்மனைகள் பல பூட்டிக் கிடக்கின்றன. ஆள்தொகை அப்படிக் குறையவில்லை. 1901இல் தோடர்கள் சுமார் எண்ணூறு பேர். இன்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். கோத்தர் அதைவிடவும் குறைவு. பிள்ளைகள் படிப்பது தமிழிலும் இங்கிலீஷிலும். பேச்சு வீட்டில் இருக்கிறது. கறக்காத எருமைக்கு எத்தனை பெயர் ஞாபகம் இருக்கும் என்பதைப் பத்து வயசுப் பிள்ளையிடம் கேட்டால்தான் தெரியும். அந்தக் கணக்கை எடுக்க யேலிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. கோயமுத்தூரிலிருந்து மூணு மணி நேர பஸ்தான்.