கார் கதவும் மழைத்தண்ணியும்

2024 ஏப்ரல் 16 அன்று இங்கே எமிரேட்ஸில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 1949ல் பதிவு எடுக்க ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஒரு மழை கிடையாதாம். அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரே நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர். ஷார்ஜாவில் எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், என் கார் ஜன்னல் பாதியில் நின்றுவிட்டது. ஸ்விட்சை அமுக்கினால் கதவுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டபோது நைனாவிடம் புலம்பினேன்.

"இதுக்கா இவ்ளோ பேச்சு? 2021 நவம்பர் மழையில நம்ம வண்டிக்கும் இதே கதைதான். கண்ணாடி ஏத்த மறந்துட்டேன். அப்புறம் ஸ்விட்ச் கரகரன்னுச்சு. தேங்காண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஓடுதுடா."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளப் பதிவு. நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன், மெக்கானிக் இல்லை. ஆனால் வாகனக் கடன் ஃபைல் பார்த்துப் பார்த்து, கம்பெனிக்காரர்கள் வண்டியைத் திரும்ப அழைக்கிற ரீகால் அறிவிப்புகளைப் படிக்கிற கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பாலசமுத்திரம் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பள்ளிப்பட்டுப் பக்கம். தெலுங்கில் பேரம் பேசித் தமிழில் திட்டுகிற ஊர். நான் சின்னப் பையனாக இருந்தபோது கல்யாணம், திருப்பதி, திருத்தணி எதுவானாலும் வாடகை அம்பாசடர்தான். கதவில் கண்ணாடி ஏற்றி இறக்கச் சுற்றுகிற கைப்பிடி. மழையில் நனைந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. டிரைவர் அண்ணன் தோள் துண்டால் ஒரு துடை துடைப்பார். சில வண்டிகளில் நாலு கதவுக்கும் சேர்த்து ஒரே கைப்பிடிதான் மிச்சம் இருக்கும். தூறல் போட்டால் அதைக் கழற்றிக் கழற்றிக் கதவுக்குக் கதவு மாட்டி, பின்சீட்டு அத்தை வரைக்கும் கைமாற்றிக் கண்ணாடி ஏற்றுவோம். அதற்குள் பாதிப் பேர் நனைந்திருப்போம். ஆனால் வண்டிக்கு ஆபத்து இல்லை. பல்சக்கரத்துக்குத் தண்ணீரால் வருவது துரு மட்டும்தான்.

வெளியே பெரிய இடத்துக் கார்களில் கதை ரொம்ப முன்னாலேயே மாறிவிட்டது. 1940ல் அமெரிக்காவின் பேக்கார்டு, தன் விலை உயர்ந்த 180 வரிசையில் பொத்தானை அமுக்கினால் ஏறி இறங்கும் ஜன்னலைக் கொண்டுவந்தது. அது முழு மின்சாரம் இல்லை. மோட்டார் எண்ணெயைத் தள்ள, எண்ணெய் கண்ணாடியைத் தள்ளும். அந்தக் காலத்து ஹைட்ராலிக் ஜன்னல்களில் குழாய் ஒழுகினால் கதவுக்குள்ளேயே ஊற்றிக்கொள்ளும். 1951ல் கிரைஸ்லர் இம்பீரியலில் முழு மின்சார ஜன்னல் வந்தது. அதே 1951ல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘லெ சேபர்’ என்று ஒரு கனவுக் காரைக் காட்டியது. ஆள் இல்லாத நேரம் மழை வந்தால், உள்ளே இருக்கிற ஈர உணரி அறிந்து கூரையைத் தானே மூடிவிடுமாம்! தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை அவர்கள் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அதுவே தலைவலியானது.

ஏனென்றால் ஸ்விட்ச் இருக்கிற இடம் அப்படி. பழைய கைப்பிடி கதவில் செங்குத்தாக இருந்தது. ஸ்விட்சோ கை வைக்கிற திண்டின் மேல், வானம் பார்த்த பூமி மாதிரி மல்லாந்து கிடக்கிறது. டோல்கேட்டில் கண்ணாடி இறக்கினால் முதல் சொட்டு அதன் மேல்தான். அதிலும் டிரைவர் பக்கத்து ஸ்விட்ச்தான் மாஸ்டர். எல்லா ஜன்னலுக்குமான இணைப்பும் அதற்குள் வருகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கதவுக்குள் தண்ணீர் போகவே போகாது என்று நாம் நினைக்கிறோம். தப்பு. கண்ணாடி ஓரத்து ரப்பரைத் தாண்டி மழைத்தண்ணி உள்ளே இறங்கத்தான் செய்யும். அடியில் இருக்கிற துளைகள் வழியாக வெளியே போகவேண்டும், அப்படித்தான் கதவையே செய்கிறார்கள். உள்பக்க அட்டைக்குப் பின்னால் ஒரு பாலிதீன் தாளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், ஈரம் இந்தப் பக்கம் வராமல் இருக்க. ஸ்பீக்கர் மாட்டுகிறவர் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார். நாமும் பாட்டு நன்றாகக் கேட்கிறதே என்று காசு கொடுத்துவிட்டு வருவோம்.

ஸ்விட்சுக்குள் ஈரம் போனால் உடனே வெடிக்காது. மெல்ல உப்பும் பாசியும் படியும். அதன் வழியாக மின்சாரம் கசியும், பிளாஸ்டிக் சூடாகும், கருகும், கருகிய இடம் இன்னும் நன்றாகக் கடத்தும். 2009ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நிறுத்தி வைத்திருந்த ஹோண்டா ஜாஸ் ஒன்று தீப்பிடித்து, உள்ளே இருந்த 2 வயதுக் குழந்தை இறந்துபோனது. 2010 ஜனவரியில் ஹோண்டா உலகம் முழுக்க 6 லட்சத்து 46 ஆயிரம் ஜாஸ், சிட்டி கார்களைத் திரும்ப அழைத்தது. திறந்த ஜன்னல் வழியாகத் தண்ணீர் மாஸ்டர் ஸ்விட்சுக்குள் போய்ச் சூடேறலாம் என்பது காரணம். இந்தியாவில் அப்போது 8,532 சிட்டி கார்கள். 2011 செப்டம்பரில் இன்னொரு 72,115. அமெரிக்காவில் செய்த பரிகாரம் என்ன தெரியுமா? ஸ்விட்சைப் பார்த்து, கெட்டிருந்தால் மாற்றி, தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிட்டார்கள். அவ்வளவு அற்ப சாமான்!

நைனாவின் தேங்காயெண்ணெய்க்கு வருகிறேன். 2012ல் டொயோட்டா இதே மாஸ்டர் ஸ்விட்சுக்காக 74 லட்சம் வண்டிகளை அழைத்தது. உள்ளே கிரீஸ் சரியாகப் பூசவில்லை, அதனால் சொரசொரவென்று மாட்டும். ஆனால் அந்த அறிவிப்பில் இன்னொரு எச்சரிக்கையும் இருந்தது: சொரசொரப்புக்காகக் கடையில் விற்கிற எண்ணெயை ஊற்றினால் ஸ்விட்ச் உருகலாம், புகையலாம். 2015ல் மறுபடியும் 65 லட்சம் வண்டிகள். இந்தத் தடவை கிரீஸ் போதாத இடத்தில் தேய்மானத் துகளும் ஈரமும் சேர்ந்து ஷார்ட் ஆகலாம் என்றார்கள்.

நம்ம ஊரில் 2010லும் 2011லும் இப்படிக் கார்களை அழைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் கிடையாது. வாகனத் தயாரிப்பாளர் சங்கம் தானாக ஒரு விதிமுறை வகுத்துக்கொண்டது 2012ல். மோட்டார் வாகனச் சட்டத்தில் ரீகால் ஏறியது 2019 திருத்தத்தில். கட்டாய விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல். கடன் கொடுத்த வங்கிக்கு வண்டி அடமானம், ஆர்.சி.யில் எங்கள் பெயரும் இருக்கும். ஆனால் எங்கள் ஃபைலில் ரீகால் வேலை முடிந்ததா என்று கேட்க ஒரு கட்டம்கூட நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் நைனாவிடம் போனில் ஒப்பித்தேன். "பேங்க்ல உனக்கு வேலையே இல்லையா?" என்றார். விடாமல் மச்சானைப் பிடித்து, வண்டியைச் சித்தூருக்கு ஓட்டிப்போகச் சொன்னேன். ஸ்விட்சைக் கழற்றி வாட்ஸப்பில் படம் அனுப்பினான். செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. ஒரு மூலையில் பிளாஸ்டிக் பீடி நுனி மாதிரி பழுப்பேறி இருந்தது. கதவுக்குள் பாலிதீன் தாளும் இல்லை.

புது ஸ்விட்ச், புதுத் தாள், துளைகளைக் குத்தி விட்டதற்கு ஒரு டீ. பழைய ஸ்விட்சை நைனா தூக்கிப் போடவில்லை. டிவி மேல் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். தேங்காயெண்ணெய் விஷயத்தை மட்டும் சொல்வதில்லை என்று அம்மா சொன்னாள்.

பி.கு.: என் வண்டி ஸ்விட்சை இன்னமும் மாற்றவில்லை என்பதை யாரும் நைனாவிடம் போட்டுக்கொடுக்க வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை நிச்சயம்.