நாட்றாம்பாளையம் தந்த பாடம்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். "நீங்கதான் சரித்திரம் படிச்சவராச்சே, ராஜா கதை ஏதாவது எழுதுங்களேன்" என்றார் ஒரு நண்பர். எங்கள் சிங்காரப்பேட்டைக்கும் ராஜா கதை உண்டு. 1767-ல் ஹைதர் அலியின் படையும் கும்பினிப் படையும் செங்கத்தில் மோதிக்கொண்ட காலத்தில், மைசூர்ச் சீமைக்கும் கீழ்நாட்டுக்கும் இடையே இருந்த கணவாய் வழி எங்கள் ஊர் வழிதான். ஆனால் நான் எழுத நினைத்தது கத்தி எடுக்காத ஒருவரைப் பற்றி. பாதிரியாராகப் போயிருக்க வேண்டியவர், அந்த வழியை விட்டுவிட்டு நம் மாவட்டத்து ஏழைகளோடு தங்கிவிட்டார். பெயர் குழந்தை பிரான்சிஸ்.

பிரான்சிஸ் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய படிப்புக்காகத் தாயார் தம்மிடம் இருந்த ஒரே நகையை அடகு வைத்தார். வட்டிக்காரரிடம் போன அந்த நகை திரும்பி வரவேயில்லை. இதைக் கேட்டால் நம்மில் பலருக்கும் நெஞ்சு கனக்கும். எங்கள் அம்மாவின் கம்மலும் அப்படித்தான். ஜூன் மாதம் காலேஜ் திறந்ததும் அடகுக் கடைக்குப் போகும். மானாவாரிக் கடலை விற்றுக் காசு வந்தால் தை மாதம் காதுக்குத் திரும்பும். மழை பொய்த்த வருஷம் வேப்பங்குச்சிதான். மழைக்கும் கடனுக்கும் உள்ள உறவை எனக்குப் பாடப் புத்தகம் சொல்லித் தரவில்லை. அம்மாவின் காது சொல்லித் தந்தது.

பிரான்சிஸ் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். குருவாகும் எண்ணத்தோடு கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றில் இருந்தார். அப்போதே இரவுப் பள்ளி, முதலுதவி நிலையம் என்று கிராமத்து வேலைகளில் இறங்கிவிட்டார். 1979-ல் சபையை விட்டு வெளியே வந்தார். வந்தவர் வசதியான ஊரைத் தேடிப் போகவில்லை. நாட்றாம்பாளையத்துக்குப் போனார், ஐ.வி.டி.பி. என்கிற ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார்.

இளைய மாணவர்களுக்காக ஒரு விளக்கம். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல்தான். அதற்கு முன் நாமெல்லாம் தருமபுரி மாவட்டம். சிங்காரப்பேட்டை கிழக்குக் கோடி என்றால், நாட்றாம்பாளையம் மேற்குக் கோடி. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டு வழியில் இருக்கிறது. பக்கத்திலேயே காவிரி பேரிரைச்சலோடு விழுகிறது. ஆனால் அது பள்ளத்தில் ஓடும் ஆறு. மேட்டுக் காட்டில் கேழ்வரகு விதைத்தவனுக்கு அதில் ஒரு சொட்டும் கிடையாது. அவனுக்கு வானம்தான் கதி.

அந்த வானத்துத் தண்ணீரும் நிற்பதில்லை. வருஷத்தில் சில நாள் கொட்டுகிற மழை, சரிவில் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். பெரிய அணை கட்ட அங்கே இடமும் இல்லை, பணமும் இல்லை. ஓடையின் குறுக்கே சின்னச் சின்னத் தடுப்பணைகள் கட்டினால் தண்ணீர் தேங்கும், மண்ணுக்குள் இறங்கும், கீழே இருக்கிற கிணறுகளில் ஊறும். ஆக்ஸ்பாம் நிறுவனத்தின் உதவியோடு இந்த வேலை தொடங்கியது. 22 ஆண்டுகளில் 60 கிராமங்களில் 331 தடுப்பணைகள் எழுந்தன. ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை இது. ஒரு தலைமுறையின் வேலை.

கிணற்றில் தண்ணீர் வந்தால் போதுமா? விளைந்ததை எல்லாம் வட்டிக்காரன் வாங்கிப் போனால் என்ன மிச்சம்? 1989-ல் பிரான்சிஸ் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் பக்கம் திரும்பினார். அதே 1989-ல்தான் தமிழக அரசும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுத் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கிய இடம், பழைய தருமபுரி மாவட்டம்! இன்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த மகளிர் குழுவுக்கு நம் வறண்ட பூமிதான் நாற்றங்கால் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது 1992-ல்.

குழுவின் கணக்கு எளிமையானது. பத்து வட்டிக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினால் ஒரு வருஷத்தில் வட்டி மட்டும் 1,200 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். பதினைந்து இருபது பெண்கள் சிறுகச் சேர்த்து, தங்களுக்குள்ளே இரண்டு வட்டிக்குக் கொடுத்துக்கொண்டால் வட்டி 240 ரூபாய்தான். அந்த 240-ம் அவர்களுடைய பெட்டிக்கே திரும்பும். யாருக்கு முதலில் கடன், யார் தவணை தவறினார் என்பதை எல்லாம் கூட்டத்தில் உட்கார்ந்து அவர்களே பேசித் தீர்மானம் எழுதுவார்கள். கைநாட்டு வைத்த பெண் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும், பேங்க் வாசற்படி ஏறியதும் இதனால்தான்.

2012-ல் மணிலாவில் பிரான்சிஸுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. அப்போது ஐ.வி.டி.பி.யின் கீழ் 8,231 குழுக்களும், ஏறக்குறைய 1,54,000 பெண்களும் இருந்தார்கள். ஒரு தாயின் நகை போனதற்கு ஒன்றரை லட்சம் பெண்கள் வழியாகப் பதில் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நமக்குப் பக்கத்து வறட்சிச் சீமையான அனந்தபூரிலும் இப்படி ஒருவர் இருந்தார். விசென்டே ஃபெரர், ஸ்பெயின் நாட்டவர். 1952-ல் இயேசு சபைத் துறவியாக இந்தியா வந்து, மராட்டியத்து மன்மாட்டில் விவசாயிகளைக் கிணறு வெட்ட வைத்தார். ஏழைகள் அவர் பின்னால் திரண்டது பெரிய இடங்களுக்குப் பிடிக்கவில்லை. 1968-ல் நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. அடுத்த வருஷமே திரும்பி வந்து அனந்தபூரில் தங்கினார். 1970-ல் சபையை விட்டு விலகி, திருமணம் செய்துகொண்டு, 2009-ல் இறக்கும் வரை அந்த மண்ணிலேயே உழைத்தார். சாமியார் வேலையை விட்டவர் என்றால் ஊரில் ஒரு மாதிரியாகப் பேசுவார்கள். இந்த இருவரும் எதை விட்டார்கள்? சபையை விட்டார்கள், ஜனங்களை விடவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குழு என்ற பெயரிலேயே வீட்டு வாசலில் வந்து தவணை கேட்டு மிரட்டும் கூட்டமும் பிறகு முளைத்தது. 2010-ல் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. 2025-ல் தமிழகச் சட்டமன்றமும் கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. சேமிப்பில் தொடங்கி, முடிவைப் பெண்களிடமே விடுவது ஒரு வகை. கடனைத் திணித்துவிட்டு வசூலுக்கு மட்டும் வருவது இன்னொரு வகை. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், குணம் ஒன்றல்ல.

மாணவச் செல்வங்களே, ஓசூர் சிப்காட்டிலோ பெங்களூரிலோ உங்களுக்கு நல்ல வேலை கிடைக்கட்டும். கிடைத்தபின் இங்கே படிக்க வரும் அடுத்த பிள்ளையை நினையுங்கள். பழைய மாணவர்களாகிய நாங்களும் மாதம் ஆளுக்கு ஒரு சிறு தொகை சேர்த்து, கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குக் கைமாற்றாகக் கொடுத்து, வேலைக்குப் போனபின் வட்டியில்லாமல் திரும்ப வாங்கலாம். இந்த ஆண்டுப் பொதுக்குழுவிலேயே இதை ஒரு தீர்மானமாக முன்மொழிகிறேன். நம் கல்லூரிக் கட்டணத்துக்காக இனி ஒரு தாயின் கம்மலும் அடகுக் கடை ஏறக் கூடாது.