யூக்கா தோட்டத்துக்கு வந்த கதை

அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்துப் பழங்குடிகளுக்கு யூக்கா அழகுச்செடியே அல்ல. வேரை நசுக்கித் தண்ணீரில் அலசினால் நுரை பொங்கும். நவஹோ, ஹோப்பி, சுனி மக்கள் அதைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள், சடங்குகளிலும் பயன்படுத்தினார்கள். இலையைச் சிதைத்து நார் எடுத்துக் கயிறும் செருப்பும் பின்னினார்கள். வாசலில் அழகுக்காக ஒன்றை நட்டுவைப்பது வேறு இடத்தில் ஆரம்பித்த பழக்கம். அது ஆரம்பித்ததே ஓர் ஆள்மாறாட்டத்தில்.

இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் தாமஸ் எட்வர்ட்ஸ் என்றொரு மருந்து வணிகர் இருந்தார். அவருடைய வேலையாள் கடல் கடந்து கொண்டுவந்த செடி ஒன்று, 1593 வாக்கில் லண்டனில் ஜான் ஜெரார்டின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஜெரார்டு அறுவை வைத்தியர், மூலிகைப் பித்தர். 1597-இல் வெளியான தன்னுடைய தடித்த மூலிகைப் புத்தகத்தில் இந்தச் செடியையும் சேர்த்தார். மேற்கிந்தியத் தீவுகளில் ரொட்டி சுடப் பயன்படும் ‘யூகா’ கிழங்கின் செடி இதுதான் என்பது அவர் நம்பிக்கை. அந்தக் கிழங்கு வேறொன்றும் இல்லை, நாம் அவித்துத் தின்னும் மரவள்ளி. விரல் விரித்த மரவள்ளி இலையை ஒரு தடவை பார்த்திருந்தாலும், வாள் வாளாக நீட்டிக்கொண்டு நிற்கும் இந்தச் செடிக்கு அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார். 1753-இல் லின்னேயஸ் அதே பெயரை நிலைப்படுத்திவிட்டார். பிறகு திருத்த வழியில்லை.

ஜெரார்டிடம் வந்தது யூக்கா குளோரியோசா என்கிற வகை. வட அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் வளர்வது; பாலைவனத்துச் செடி அல்ல, ஆனால் மணலில் பிறந்த செடி. லண்டன் குளிரிலும் அது பிழைத்துக்கொண்டது. ஆனால் ஜெரார்டின் கண்ணுக்குப் பூக்கவே இல்லை. அவர் 1612-இல் இறந்த பிறகு, விதவையிடமிருந்து யாரோ செடியை வாங்கினார்கள். ஊர்ப்புறத்து வீட்டில் நடலாம் என்று எடுத்துப்போன வகையில் அது பட்டுப்போயிற்று. அந்தச் செடியின் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்லவேளையாக ஜெரார்டு உயிரோடிருந்தபோதே ஒரு பக்கக்கன்றைப் பாரிஸில் அரசுத் தோட்டக்காரரான ழான் ரொபேனுக்குக் கொடுத்திருந்தார். ரொபேனின் மகன் அதிலிருந்து ஒரு கன்றை லண்டனுக்கே திருப்பி அனுப்பினார். அது கைமாறி, ஜான் பார்க்கின்சன் என்ற தோட்டக்கலை ஆசிரியரிடம் வந்து சேர்ந்தது. இந்தப் போக்குவரத்தையெல்லாம் 1629-இல் எழுதிவைத்தவரும் அவரே. ஜெரார்டிடம்தான் பூக்கவில்லை; இங்கிலாந்தில் முதல் யூக்கா பூத்தது எசெக்ஸில் வில்லியம் காய்ஸ் என்பவரின் தோட்டத்தில், 1604-இல்.

இவ்வளவு பேர் கை மாறியும் யாரும் விதை கொடுத்ததாகச் செய்தி இல்லை. கொடுத்தது எல்லாம் கன்றுதான். ஐரோப்பாவில் யூக்கா ஆளுயரக் கொத்தாகப் பூத்துக் கொட்டும், காய் பிடிக்காது. ஏன் என்று தெரிய 1872 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜார்ஜ் எங்கெல்மன் என்ற டாக்டர் இருந்தார். பகலில் நோயாளிகள், மற்ற நேரமெல்லாம் செடிகள். யூக்காப் பூவின் மகரந்தம் பிசுபிசுப்பானது. சூல்முடிக்குத் தானாகப் போய்ச் சேர வழியில்லை என்பதும், பூவுக்குள் ஒரு வெள்ளை அந்துப்பூச்சி புழங்குகிறது என்பதும் அவர் கண்ணில் பட்டன. மிசௌரி மாநிலத்தின் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலியிடம் சொன்னார். ரைலி ராத்திரியில் பூக்களுக்குப் பக்கத்தில் காத்திருந்து பார்த்தார்.

பெண் பூச்சியின் வாயருகே வேறு எந்த அந்துப்பூச்சிக்கும் இல்லாத இரண்டு சுருள் உறுப்புகள் உண்டு. அவற்றால் மகரந்தத்தைச் சுரண்டி, எள்ளுருண்டை பிடிப்பதுபோல் உருட்டித் தலைக்கடியில் இடுக்கிக்கொள்கிறது. இன்னொரு பூவுக்குப் பறந்து போய், சூலகத்தில் துளையிட்டு முட்டை வைக்கிறது. பிறகு மேலே ஏறி, சூல்முடியின் குழிக்குள் கொஞ்சம் மகரந்தத்தைத் திணிக்கிறது. பூச்சிகள் பூவுக்குப் பூ தாவும்போது தற்செயலாக மகரந்தம் ஒட்டுவதைத்தான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இது தெரிந்து செய்வதுபோல் செய்யும் வேலை. புழுக்கள் விதையில் ஒரு பங்கைத் தின்னும், மிச்சம் செடிக்கு. ஒரு பூவில் அளவுக்கு மீறி முட்டை இருந்தால் செடி அந்தப் பூவையே உதிர்த்துவிடும். பேராசைக்கு இடமில்லாத ஒப்பந்தம். டார்வினையே அசரவைத்த கண்டுபிடிப்பு இது.

பூச்சி கடல் கடக்கவில்லை, அதனால் காய் இல்லை. விஷயம் புரிந்தபின், அந்த வேலையை மனிதக் கையே செய்யலாம் என்றாயிற்று. நேபிள்ஸில் கார்ல் ஸ்ப்ரெங்கர் என்ற ஜெர்மானிய நர்சரிக்காரர் தூரிகை பிடித்து, வகைக்கு வகை கலந்து, புதுப்புது யூக்காக்களை உண்டாக்கினார். 1906-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து அவருடைய தோட்டத்தைக் குலைத்தது. அடுத்த வருஷம் கோர்ஃபு தீவில் ஜெர்மன் சக்கரவர்த்தியின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார்.

அசல் பாலைவனத்து யூக்காக்கள் தோட்டத்தில் பேரெடுத்தது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். டெக்சாஸின் பிக் பெண்ட் பகுதியிலும் வடக்கு மெக்சிகோவிலும் வளரும் யூக்கா ரொஸ்ட்ராட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தண்டு, உச்சியில் நீலச்சாம்பல் இலைகளால் ஆன பந்து, காய்ந்த பழைய இலைகள் பாவாடைபோல் கீழே தொங்கும். அதன் முறையான விவரிப்பு 1902-இல் வில்லியம் டிரிலீஸ் எழுதியது. பெயர் வைத்தது நம் செயின்ட் லூயிஸ் டாக்டர்தான். அதை நகரத்து வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தது அழகு ரசனை மட்டும் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் பங்குண்டு. 1981-இல் கொலராடோவின் டென்வர் நகரக் குடிநீர் வாரியம், குறைந்த தண்ணீரில் தோட்டம் போடும் முறைக்கு ‘ஜெரிஸ்கேப்’ என்று பெயர் சூட்டிப் பிரசாரம் செய்தது. நெவாடாவின் லாஸ் வேகாஸில் புல்தரையைப் பெயர்த்தால் அங்குள்ள குடிநீர் வாரியமே பணம் தருகிறது. 2021-இல் நெவாடா மாநிலம் ஒரு சட்டமே போட்டது: அந்த வட்டாரத்தில் சாலையோரங்களிலும் அலுவலக வளாகங்களிலும் வெறும் அலங்காரத்துக்கு இருக்கும் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது. புல் போன இடத்தில் சரளைக்கல்லும் யூக்காவும் வந்தன.

நம் நர்சரிகளிலும் யூக்கா கிடைக்கிறது. மஞ்சள் கரை போட்ட கடற்கரை வகையும், முள் மழுங்கிய மத்திய அமெரிக்க வகையும் பார்க்கலாம். வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நல்ல வெயில் வேண்டும். மண்ணில் பாதிக்குப் பாதி ஆற்றுமணலோ பொடிக்கல்லோ கலந்து, தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடியில் தடித்த பக்கக்கன்று விட்டிருந்தால் கத்தியால் வெட்டியெடுத்து, வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுவைத்துப் பிறகு மணலில் நடுங்கள். ஈரக்காயத்தோடு நட்டால் அழுகும். கூர்முனை வகையானால் குழந்தைகள் ஓடும் வழியில் வைக்காதீர்கள், இலை நுனி கண்ணுயரத்தில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள். மற்ற நாட்களில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.