ஒத்தை வவ்வாலும் ஒரு ஸ்கேலும்

பறவைன்னா சலீம் அலி. எல்லாருக்கும் தெரியும். அவர் பேர்ல ஒரு வவ்வாலும் இருக்கு, அது நம்ம தேனி மாவட்டத்து மேகமலைக்காரர்னு எத்தனை பேருக்குத் தெரியும்? :-)

1948ல மேகமலையில் தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்த ஆங்கஸ் ஹட்டன்கிற வெள்ளைக்காரர் ஒரு பழந்தின்னி வவ்வாலைப் பிடிச்சார். பாடம் செஞ்ச அந்த உடம்பு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போச்சு. ஊரெல்லாம் இருக்கிற குட்டைமூக்கு வவ்வால்னு சீட்டு எழுதிக் கட்டி வச்சுட்டாங்க. அவ்வளவுதான், 24 வருஷம் அப்படியே கிடந்தது.

1972ல தாய்லாந்துக்காரர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். குட்டைமூக்கு வவ்வாலுக்குச் சின்னதா வால் இருக்கும், இதுக்கு வாலே இல்லை. வெட்டுப்பல் கணக்கும் இடிக்குது. இது புது இனம் மட்டுமில்லை, புதுப் பேரினமே! வச்ச பேரு 'லாட்டிடென்ஸ் சலிமாலி'.

இங்கதான் விஷயமே இருக்கு. கையில இருந்தது ஒத்தை உடம்பு. வவ்வாலை அளக்கிறவங்க முதல்ல பார்க்கிறது முன்னங்கை நீளம். இதுக்கு 7 செ.மீ.க்குக் கொஞ்சம் கம்மி. ஆனா அது அந்த ஒரு வவ்வாலோட அளவா, இனத்தோட அளவா? ஆண் பெருசா, பெண் பெருசா? ஒண்ணை வச்சு எப்படிச் சொல்றது? ஆப்பிரிக்காவுல சுத்தியல்தலை வவ்வாலில் ஆண், பெண்ணைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எடை. பூச்சி தின்னும் வவ்வால்கள் பலதுல பெண்தான் கொஞ்சம் பெருசு. ஆக, ஆணும் பெண்ணுமா நிறைய அளந்து பார்க்காம எதுவும் சொல்ல முடியாது. இங்கயோ 1993 வரைக்கும் இரண்டாவது ஒண்ணே கிடைக்கலை! அந்த வருஷம் மறுபடி மேகமலையிலேயே கிடைச்சது. பிறகு களக்காடு-முண்டந்துறையிலும் பார்த்தாங்க.

வாலையும் பல்லையும் பார்க்கிறதுல என்ன பெரிய விஷயம்னு கேக்காதீங்க. 1972 வனவிலங்குச் சட்டத்துல பழந்தின்னி வவ்வால்கள் எலி, காக்காவோட சேர்ந்து தொல்லைப் பட்டியலில் இருந்துச்சு. பிற்பாடு இதை மட்டும் பிரிச்சு, புலி இருக்கிற முதல் அட்டவணையில போட்டாங்க. தொல்லைப் பட்டியலையே 2022 சட்டத்திருத்தம்தான் தூக்குச்சு. அதுவரை ஒண்ணைக் கொன்னா கேள்வியில்லை, இன்னொண்ணைக் கொன்னா ஜெயில். ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு வால், சில பல்லு!

கிட்டி 1974ல இறந்துட்டார். அதே வருஷம், வெறும் 2 கிராம் இருக்கிற ஒரு தாய்லாந்து வவ்வாலுக்கு அவர் பேரை வச்சாங்க. பொருத்தம்தானே?

மேகமலைப் பக்கம் போறவங்க அடுத்த தடவை தேயிலையோட நிறுத்திக்காம, ராத்திரி கொஞ்சம் மேலயும் பாருங்க மக்களே.