ஊவாத் தோட்டப் பாடசாலைகளில் சமயக் கல்வி

இலங்கையின் தென்கிழக்கு மலைச்சரிவிலே, பதுளையைத் தலைநகராகக் கொண்டு 1886இல் அமைக்கப்பெற்ற ஊவா மாகாணத்தில், அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை ஆகிய பகுதிகளின் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் அவற்றின் இடத்தைப் பிடித்த தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகள், பாடசாலையில் எந்தச் சமயத்தை எவரிடம் கற்றார்கள் என்பதற்குத் தனியானதொரு சரித்திரம் உண்டு. யாழ்ப்பாணத்தில் மிஷனரிமாரின் கல்வி முயற்சிக்கு எதிர்முயற்சியாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். நிலமும் மடமும் கோயிற் சொத்தும் உடைய சமூகத்துக்கு அது இயன்றது. ஊவாவிலோ, குடியிருந்த லயம்கூடத் தோட்டத்துரையின் நிர்வாகத்துக்கு உரியதாயிருந்த நிலையில், பாடசாலை முதலில் மிஷனுடையதாகவும், பின் தோட்டத்தினுடையதாகவும், கடைசியில் அரசாங்கத்தினுடையதாகவும் இருந்ததேயன்றி, அச்சமூகத்தின் கையில் ஒருபோதும் இருந்ததில்லை.

மலைநாட்டுத் தோட்டங்களில் முதன்முதல் ஒழுங்காகக் கல்வியைத் தொட்டது, தோட்டத்துரைமாரின் பொருளுதவியோடு 1854இல் தொடங்கிய ஆங்கிலிக்கன் திருச்சபையின் தமிழ்க் கூலி மிஷன் ஆகும். அதன் உபதேசிமார் தோட்டந்தோட்டமாக நடந்து, பிரட்டுக் களத்திலும் லய வாசலிலும் பிரசங்கம் செய்து, எழுத்தையும் ஞானோபதேசத்தையும் ஒன்றாகவே புகட்டினர். 1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் தோன்றி, உலகியற் பாடங்களின் தேர்ச்சியை அளந்து நன்கொடை வழங்கும் முறை ஏற்பட்டபின், சமய போதனை பாடசாலையை நடத்துவோரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. நடத்துவோர் பெரும்பாலும் மிஷன்களே ஆதலால், நடுநிலை போலத் தோன்றிய இவ்விதி மிஷன்களுக்கே அனுகூலமாயிற்று. இத்தனைக்கும் தோட்டங்களில் மதம் மாறியவர் சிறு தொகையினரே.

1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத்தின்மீது சுமத்தின. அதன் விளைவாக எழுந்தவை பெரும்பாலும் ஒரே அறையும் ஒரே வாத்தியாரும் கொண்ட பள்ளிகள். பத்து வயதைக் கடந்த பிள்ளை கொழுந்துக் கூடையைத் தூக்கக் காத்திருந்த இடத்தில், வாசிப்பும் எழுத்தும் கணக்கும் முடிந்தபின் சமயத்துக்கென மிஞ்சிய நேரம் சொற்பம். மிஞ்சியதும் வாத்தியாரின் சொந்தச் சமயத்தையும் சுபாவத்தையும் பொறுத்தே அமைந்தது.

ஆயினும் அப்பிள்ளைகள் சமய அறிவோ ஒழுக்க போதனையோ இன்றி வளர்ந்தனர் என்று கொள்வது பெரும் பிழையாகும். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபின் தோட்டம் முழுவதும் காக்கும் விரதமும், முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் நேர்ந்த நேர்த்தியை நிறைவேற்றியே தீரவேண்டும் என்ற அச்சமும், மாசி அமாவாசைக்குப் பின் காமன் ஊன்றித் தகனம் வரையில் இரவிரவாக ரதி மன்மதன் கதையைப் பாடியாடும் காமன் கூத்தும், அர்ச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும், வாக்குத் தவறாமை, உடன்பிறந்தார் பாசம், செய்த வினையின் பயன் ஆகியவற்றை எழுத்தறியாத தாய்க்கும் எழுத்துப் படிக்கும் மகனுக்கும் ஒரே இரவில் கற்பித்தன. ரதி புலம்பும்போது லயத்துப் பெண்கள் கண்ணீர் விட்டதைக் கண்டு வளர்ந்த சிறுவனுக்கு, பிறர் துயரை உணர்தல் என்பது மனனம் செய்து ஒப்பிக்கும் பாடமாக இருக்கவில்லை. கூத்தில் பிள்ளைகளைப் பழக்கிய வாத்தியாருக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை. கல்வி அறிக்கைகளும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. இதே ஊவா மாகாணத்துக்கு உட்பட்ட கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போய் வந்த முதியோரும் ஒரு வகையில் ஆசிரியர்களே.

1945இல் இலவசக் கல்வி வந்தபோதிலும் தோட்டப் பள்ளிகள் அதன் பயனுக்குப் பெரிதும் புறம்பாகவே இருந்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற மிஷன் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின்கீழ் வந்தபோதும், தோட்டப் பள்ளிகள் தோட்டத்திடமே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1977 முதற்கொண்டு, அவை படிப்படியாகத் தேசியக் கல்வி முறையில் இணைந்தன.

இணைந்தபோது, ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் பாடமாகக் கற்றுச் சாதாரண தரப் பரீட்சையில் அதற்கு விடை எழுதும் நாட்டு வழக்கம் தோட்டத்துக்கும் வந்தது. நூற்றாண்டுக்கு மேற்பட்ட புறக்கணிப்புக்குப் பின் கிடைத்த நியாயம் என்றே இதனைச் சொல்லவேண்டும். ஆனால் பாடநூலில் அப்பிள்ளை கண்டது நாயன்மார் சரித்திரம், திருமுறை, சைவ சித்தாந்தத்தின் பதி பசு பாசம், நல்லூர், திருக்கேதீச்சரம், கோணேச்சரம் ஆகிய தலங்களின் மகிமை. இவை அருமையானவை என்பதில் ஐயமில்லை. எனினும் தேயிலை மலையில் சூலம் நட்டுப் பொங்கலிட்டுக் கிடாய் வெட்டும் வழிபாடு, ஆகமநெறி நின்ற அப்பாடத்தில் பெயரளவில் இடம்பெற்றாலே அதிகம். மிஷன் வாத்தியார் ‘அஞ்ஞானம்’ என்று ஒதுக்கியதைச் சைவப் பாடநூல் ‘சிறுதெய்வ வழிபாடு’ என்று மரியாதையாக ஒதுக்கியது.

இக்காலத்தில் தமிழ்ப் பாடசாலைகளில் நவராத்திரியில் வாணி விழாவும், சமய குரவரின் குருபூசைகளும் கிரமமாக நடைபெறுகின்றன. 1902இல் கொழும்பில் நிறுவப்பெற்ற விவேகானந்த சபை நடத்தும் சைவ சமயப் பரீட்சைகளுக்கு நாடெங்கும் மாணாக்கர் தோற்றுகின்றனர். இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் ஆதரவில் அறநெறிப் பாடசாலைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகின்றன. தோட்டங்களில் இவ்வகுப்புகள் பல, வாரநாளில் எவரும் பாடசாலையாக எண்ணாத மாரியம்மன் கோயில் மண்டபத்திலேயே நடைபெறுகின்றன.