வாடகை வீடும் ஓர் அமானிதமே

ஒரகடம் ஆலைகளில் பணிபுரிய வரும் வெளியூர் இளைஞர்கள், சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களில் ஓரறையைப் பலராகப் பகிர்ந்து வாழ்கின்றனர். வாடகையும் முன்பணமும் வாய்ச்சொல்லோடு நின்றுவிட்டால், காலி செய்யும் நாளில் மனக்கசப்பு பிறக்கிறது.

பகிர்ந்து வாழ்வதற்கு நம் வரலாற்றில் அழகிய முன்மாதிரி உண்டு. கி.பி. 622இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரழி) அவர்களின் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கினார்கள். ஒருநாள் மேல்தளத்தில் தண்ணீர்ச் சாடி உடைந்தது. நபியவர்கள்மீது ஒரு துளியும் சொட்டிவிடக் கூடாதென அஞ்சிய அத்தம்பதியர், தங்களிடமிருந்த ஒரே போர்வையால் அந்நீரைத் துடைத்தனர்.

அது விருந்தோம்பல். வாடகையோ ஒப்பந்தம், ஃபிக்ஹில் அதன் பெயர் இஜாரா. தொகையும் தவணையும் இருதரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். குடியிருப்பவர் கையில் வீடு அமானிதம். அவருடைய கவனக்குறைவோ வரம்புமீறலோ இன்றி நேரும் சேதத்துக்கு அவர் பொறுப்பல்லர்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவின்றி உள்வாடகைக்கு விடக் கூடாது. தகராறு வந்தாலும் குடியிருப்பவருக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்கிறது அது. கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா 282ஆம் வசனத்தை ஓதும் நமக்கு, எழுத்தின் தேவை புதிதன்று.

எனவே வாடகை, முன்பணம், தங்குவோர் பெயர்கள் ஆகியவற்றைச் சாட்சிகளோடு எழுதிக்கொள்வோம். பிறர் உரிமையைப் பேணி வாழ வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!