உறிஞ்சு ஸ்டீராய்டும் மூச்சுக்குழாய்ச் சவ்வும்

ஆஸ்துமாவில் (ஈழத் தமிழர் பேச்சில் ‘தொய்வு’) மூச்சுக்குழாயின் உட்சவ்வு இயோசினோபில் முதலிய அழற்சி அணுக்கள் குவிந்து வீங்கியிருக்கும், அதன் மேலணுப் படலம் உதிரும், சளி சுரக்கும். உறிஞ்சும் ஸ்டீராய்டு சவ்வணுக்களுக்குள் புகுந்து, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. 1992இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், மூன்று மாதம் பியூடெசொனைடு என்ற உறிஞ்சும் ஸ்டீராய்டை எடுத்தவர்களின் சவ்வில் அழற்சி அணுக்கள் குறைந்தன. மயிரிழை அணுக்கள் மீண்டும் பெருகின. அடிச்சவ்வின் தடிப்போ அவ்வளவு எளிதில் கரைவதில்லை.

இலங்கையில் கட்டைபறிச்சான் உள்ளிட்ட மூதூர்ப் பகுதி ஆஸ்துமா நோயாளர், அரச மருத்துவமனைகளில் வழங்கப்படும் உறிஞ்சும் ஸ்டீராய்டான பெக்லோமெத்தசோனை நாள்தோறும் எடுக்க வேண்டும். மூச்சுமுட்டு வந்த கணத்தில் உதவுவது சல்பியூட்டமோல்; இரண்டையும் குழப்புவோர் பலர். ஸ்டீராய்டை இழுத்தபின் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெண்பூஞ்சை படியலாம், குரல் கம்மலாம்.